பலகைக்கு நிலம் கொடுப்பதற்கு முன்

மலைச்சாலை ஓரம் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், நாடு எதையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கும் அவருடைய தம்பிக்கும் பெற்றோர் வழியில் வந்த நிலம், அந்தச் சாலை திரும்பும் ஒரு வளைவில் இருக்கிறது. வளைவைத் தாண்டியதும்தான் கீழே பள்ளத்தாக்கும் அதன் நடுவே ஏரியும் முதல்முறையாகக் கண்ணில் படும். அங்கே வண்டியை நிறுத்தாமல் போகிறவர்கள் குறைவு. சற்றுத் தள்ளி அக்காவும் தம்பியும் சேர்ந்து ஆறு அறைகள் கொண்ட ஒரு தங்கும் விடுதி நடத்துகிறார்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் அந்தச் சாலையில் ஒன்பது பெரிய விளம்பரப் பலகைகள் முளைத்துவிட்டன. இப்போது ஒரு விளம்பர நிறுவனம் இவர்களுடைய நிலத்தில் இரண்டு பலகைகள் வைக்க வாடகை பேசுகிறது. ஒன்று சாதாரண ஹோர்டிங், மற்றது படம் மாறிக்கொண்டே இருக்கும் டிஜிட்டல் பலகை. ஒப்பந்தக் காலம் இருபது ஆண்டுகள். இதே நேரத்தில் உள்ளாட்சி மன்றம் சாலையோரப் பலகைகளைக் கட்டுப்படுத்த ஒரு வரைவு விதியை வெளியிட்டு, மக்களிடம் கருத்துக் கேட்க நாள் குறித்திருக்கிறது.

தம்பி கையெழுத்துப் போடச் சொல்கிறார். "தடை வருவதற்குள் பலகையை நட்டுவிட்டால், பிறகு எடுக்கச் சொன்னாலும் இழப்பீடு கிடைக்கும்" என்பது அவர் கணக்கு. அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் தடை வந்தால் விடுதியின் பெயர்ப்பலகையும் போய்விடுமோ என்று அவருக்கும் பயம். சொந்த நிலத்தில் பலகை வைப்பதை யாராவது தடுக்க முடியுமா, மது விளம்பரங்களை மட்டும் தடுத்தால் போதாதா, நிற்கும் ஒன்பது பலகைகளையும் உடனே எடுக்க வைக்க முடியுமா என்றெல்லாம் கேட்கிறார். ஊர் இளைஞர்கள் சிலர் "ஒரே இரவில் வேலையை முடித்துவிடுகிறோம்" என்கிறார்களாம். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "அம்மா கடைசிக் காலத்தில் தினமும் அந்த வளைவில் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். சட்டத்துக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்று தெரியவில்லை."

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். சட்டத்துக்கு அது பொருட்டுதான். ஓர் இடத்தின் அழகைக் காப்பதற்காக மட்டும் ஓர் அரசு விதி போடலாமா என்ற கேள்வி பல நாடுகளின் நீதிமன்றங்களுக்குப் போயிருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-லேயே பெர்மன் எதிர் பார்க்கர் வழக்கில், ஓர் ஊர் ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றலாம் என்றால் அழகாக இருக்க வேண்டும் என்றும் இயற்றலாம் என்ற பொருளில் தீர்ப்புச் சொன்னது. பிரான்ஸ் அதற்கும் முன்பே, 1910-ல், இயற்கை எழில் உள்ள இடங்களில் விளம்பரச் சுவரொட்டிகளைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. ஆகவே அம்மா உட்கார்ந்த அந்த இடத்தை உங்கள் சொந்த விஷயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கருத்துக் கேட்பு நாளில் அது எப்படி உதவும் என்று பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதை வெளியே சொல்லாமல் எழுதுவதால், எந்த ஊருக்கும் பொருந்தும் விஷயங்களையே பேசுகிறேன். உங்கள் மன்றத்தின் வரைவு விதியையும் நிறுவனம் கொடுத்த ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை ஒரு மணி நேரமாவது நேரில் பாருங்கள். அதுவரை கையெழுத்து வேண்டாம். இந்தப் பதிலில் வேறு எது மறந்தாலும் இது மறக்கக் கூடாது.

நிலம் உங்களுடையது, பார்வை சாலையினுடையது

"என் நிலத்தில் என்ன வைத்தாலும் என் உரிமை" என்று தம்பி சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹோர்டிங் என்பது நிலத்துக்காக வைக்கப்படும் பொருள் அல்ல. யாரும் போகாத ஒரு மேட்டில் இலவசமாக இடம் கொடுத்தாலும் எந்த நிறுவனமும் அதை வாங்காது. அவர்கள் வாடகை கொடுப்பது மண்ணுக்காக அல்ல, சாலையில் போகிறவர்களின் கண்ணுக்காக. அந்தச் சாலையைப் பொதுப் பணத்தில் போட்டிருக்கிறார்கள். அந்தக் கண்கள் வருவதோ ஏரியைப் பார்க்க. இதனால்தான் தனியார் நிலத்தில் இருக்கும் பலகையையும் அரசு ஒழுங்குபடுத்தலாம் என்று நீதிமன்றங்கள் ஏற்றுக்கொள்கின்றன. இந்திய உச்ச நீதிமன்றமும் 2008-ல் நோவா ஆட்ஸ் வழக்கில் இதே வழியில்தான் போனது. தனியார் இடத்தில் இருந்தாலும் பொதுச் சாலையிலிருந்து பார்க்கும்படி நிற்கும் ஹோர்டிங்குக்கு உரிமம் கேட்பது செல்லும் என்று சொன்னது.

அதற்காக மன்றம் நினைத்ததையெல்லாம் செய்துவிட முடியும் என்றும் நினைக்க வேண்டாம். அதிகாரம் அவர்களுக்கு எந்தச் சட்டத்திலிருந்து வருகிறது, அறிவிப்பு முறைப்படி கொடுத்தார்களா, எல்லோருக்கும் ஒரே அளவுகோலா, இவை மூன்றிலும் ஓட்டை இருந்தால் விதி நீதிமன்றத்தில் நிற்காது. நல்ல நோக்கத்தோடு அவசரமாக எழுதி, ஒரே விசாரணையில் விழுந்துபோன விதிகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படி விழுந்தபின் அதே ஊரில் மறுபடி ஒரு விதி கொண்டுவர மன்றத்துக்கே துணிவு வருவதில்லை. அதனால் வரைவைப் படிக்கும்போது "இது கடுமையாக இருக்கிறதா" என்பதைவிட "இது நிற்குமா" என்று பாருங்கள்.

அந்த ஒப்பந்தத்தை மறுபடி படியுங்கள்

நீங்கள் அனுப்பிய ஒப்பந்தப் பக்கங்களை வரிவரியாகப் படித்தேன். வாடகைத் தொகை இருக்கும் முதல் பக்கத்தைத்தான் எல்லோரும் படிப்பார்கள். உங்கள் வாழ்க்கையைத் தொடும் வரிகள் நான்காம், ஐந்தாம் பக்கங்களில் இருக்கின்றன.

நான்காம் பக்கத்தில் ஒரு வரி: பலகை சாலையிலிருந்து தெரிவதை மறைக்கும் எந்தக் கட்டடத்தையும் மரத்தையும் நில உரிமையாளர் வைக்கக் கூடாது, ஏற்கெனவே இருப்பவற்றை நிறுவனம் வெட்டிக்கொள்ளலாம். இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். நாளைக்கு விடுதிக்கு இன்னும் இரண்டு அறைகள் கட்ட நினைத்தால் முதலில் பலகையைக் கேட்க வேண்டும். வளைவில் நிற்கும் அந்தப் பழைய மரங்கள் பலகைக்குக் குறுக்கே வந்தால் போய்விடும். ஒரு விவசாயக் குடும்பம் இதே மாதிரி வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வந்தது. வீட்டுக்கு முன்னால் நிழலுக்கென்று நட்ட கன்றுகள் ஆள் உயரம் வளர்ந்ததும் நிறுவனத்திலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. அந்த வீட்டுப் பெரியவர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தானே போய் ஒவ்வொன்றாக வெட்டினார். வெட்டிய கிளை ஒன்றை என் மேசை மேல் வைத்து, "என் நிலத்தில் நட்டதுதானே?" என்று கேட்டார். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு நான் சொல்லும் பதில் அவருக்குப் பிடிக்காது என்று எனக்கு முன்பே தெரிந்தது.

ஐந்தாம் பக்கத்தில், இருபது ஆண்டு முடிந்ததும் நீங்கள் குறித்த காலத்துக்குள் எழுத்தில் மறுக்காவிட்டால் ஒப்பந்தம் தானாகவே நீளும் என்று இருக்கிறது. நிறுவனம் வேறு நிறுவனத்துக்கு இதைக் கைமாற்றலாம், உங்களிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நிலத்தை நீங்கள் விற்றாலும் வாங்குகிறவர் இந்தப் பலகையோடுதான் வாங்க வேண்டும். சாதாரணப் பலகையை எப்போது வேண்டுமானாலும் டிஜிட்டலாக மாற்றிக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நிறுவனம் மட்டும் பலகைக்கு வருமானம் குறைந்தாலோ அனுமதி கிடைக்காவிட்டாலோ சிறிது கால அறிவிப்பில் விலகிக்கொள்ளலாம். கட்டு உங்களுக்கு மட்டும்தான்.

தம்பியின் கணக்கு எங்கே இடிக்கிறது

தம்பியை நான் குறை சொல்லவில்லை. விடுதி நடத்துகிறவருக்கு மாதம் பிறந்தால் வந்துவிடும் நிலையான வாடகை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது எனக்குத் தெரியும். நீங்களும் அவரிடம் அழகு, மனசு என்று மட்டும் பேசாதீர்கள். அவர் கணக்குப் போடுகிறார், கணக்கிலேயே பேசுங்கள்.

முதலில், இழப்பீடு வந்தாலும் யாருக்கு வரும்? பலகையின் இரும்புச் சட்டமும் அனுமதியும் நிறுவனத்தின் சொத்து. உங்கள் ஒப்பந்தத்திலேயே ஆறாம் பக்கத்தில், அரசு கொடுக்கும் எந்த ஈடும் நிறுவனத்தையே சேரும் என்று இருக்கிறது. தம்பி அதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். இரண்டாவது, வரைவு வெளியான பிறகு அவசரமாக எழும் பலகையை "முன்பே இருந்தது" என்று ஏற்காத விதிகள் நிறைய உண்டு. வரைவில் ஒரு கெடு தேதி போட்டிருப்பார்கள், அல்லது விதி முடிவாகும்வரை புதிய அனுமதிகளை மன்றம் நிறுத்தி வைக்கும். உங்கள் வரைவில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்கள். அது இல்லாத ஊரில் தடைக்கு முந்தைய ஆறு மாதத்தில்தான் அதிகப் பலகைகள் எழும். மூன்றாவது, எல்லா இடத்திலும் ஈடு பணமாகவே வரும் என்பதில்லை. போட்ட முதலை எடுத்துக்கொள்ளச் சில ஆண்டு அவகாசம் மட்டும் கொடுத்து, அதற்குப் பின் அகற்றச் சொல்லும் வழியும் சட்டத்தில் இருக்கிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் 1965 அக்டோபரில் நெடுஞ்சாலை அழகுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்குப் பின்னால் நின்றவர் அவர் மனைவி லேடி பேர்ட் ஜான்சன். முக்கிய நெடுஞ்சாலைகளின் விளிம்பிலிருந்து 660 அடி வரை, அதாவது சுமார் 200 மீட்டர் வரை, பலகைகளைக் கட்டுப்படுத்தச் சொன்னது அந்தச் சட்டம். ஆனால் வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று ஒதுக்கிய இடங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். நிற்கும் பலகைகளை எடுக்க வேண்டுமானால் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். 1978-ல் செய்த திருத்தம் அந்தப் பணக் கடமையை இன்னும் இறுக்கியது. அகற்றுவதற்கான நிதி வற்றியதும் விதிக்கு ஒவ்வாத பலகைகள் பல பத்தாண்டுகளாக அப்படியே நின்றன. ஒரு பலகையை எழாமல் தடுக்க ஒரு தீர்மானம் போதும். எழுந்த பலகையை இறக்க ஒரு தலைமுறை போதாமல் போகலாம். உங்கள் நிலத்தில் இன்னும் குழிகூடத் தோண்டவில்லை.

விடுதியின் பெயர்ப்பலகை

இந்தப் பயம்தான் உங்களைப் போன்றவர்களைத் தடைக்கு எதிராகத் திருப்புகிறது, அதனால் தெளிவாகச் சொல்கிறேன். சட்டம் இரண்டு வகைப் பலகைகளைப் பிரித்துப் பார்க்கிறது. ஒரு தொழில் நடக்கும் இடத்திலேயே அந்தத் தொழிலின் பெயரைச் சொல்லும் பலகை ஒன்று. வேறு எங்கோ விற்கும் பொருளை இங்கே நின்று விளம்பரப்படுத்தும் பலகை மற்றொன்று. கட்டுப்பாடு பெரும்பாலும் இரண்டாவதைத்தான் குறிவைக்கும். இப்படிப் பிரிப்பது செல்லுமா என்ற கேள்விகூட அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், ஆஸ்டின் நகரம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2022-ல் அந்தப் பிரிவினை ஏற்கப்பட்டது. உங்கள் விடுதி வாசலில் இருக்கும் பலகைக்கு அளவு, உயரம், வெளிச்சம் ஆகியவற்றில் வரம்பு வரலாம். அடியோடு போகாது. ஆனால் வரைவில் இந்தப் பிரிவினை எழுத்தில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். "எல்லாரும் புரிந்துகொள்வார்கள்" என்று விட்டுவிடாதீர்கள்.

வளைவுக்கு முன்பே "விடுதி 2 கிலோமீட்டர்" என்று சொல்ல வேண்டுமே என்கிறீர்கள். நியாயமான தேவை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1968-ல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. புதிய விளம்பரப் பலகைகளைத் தடுத்து, நின்றவற்றைச் சில ஆண்டுகளில் படிப்படியாக இறக்கியது. அதே சட்டத்தில், விடுதிகளுக்கும் கடைகளுக்கும் ஒரே அளவு, ஒரே வடிவம் கொண்ட சிறிய வழிகாட்டிப் பலகைகளை அரசே சாலைச் சந்திப்புகளில் வைக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தது. பெரிய நிறுவனத்துக்கும் ஆறு அறை விடுதிக்கும் அங்கே ஒரே அளவு எழுத்துத்தான். யோசித்துப் பார்த்தால் இது உங்களுக்குத்தான் லாபம். இப்போது நிற்கும் ஒன்பது பலகைகளில் உள்ளூர் ஆட்களின் விளம்பரம் எத்தனை என்று எண்ணிப் பார்த்தீர்களா? ஒன்றுதான் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

"பலகை இல்லாவிட்டால் சுற்றுலா படுத்துவிடும்" என்று மன்றக் கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். ஹவாய், வெர்மான்ட், மெய்ன், அலாஸ்கா ஆகிய நான்கு அமெரிக்க மாநிலங்களில் இந்தப் பலகைகளுக்குத் தடை இருக்கிறது. நான்குமே இயற்கை எழிலைப் பார்க்க ஆட்கள் தேடிப் போகும் மாநிலங்கள். அந்தப் பெயர்களைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள், போதும்.

மது விளம்பரத்தை மட்டும் தடுக்கலாமா

இங்கே உங்களை மெதுவாகத் திருத்த வேண்டியிருக்கிறது. சில நாடுகளில் மது, புகையிலை விளம்பரங்களுக்குத் தனிச் சட்டமே உண்டு. அது வேறு விஷயம். நிலக்காட்சியைக் காக்க எழுதும் விதியில் "இந்த வாசகம் கூடாது, அந்த வாசகம் இருக்கலாம்" என்று நுழைத்தால் விதியே பலவீனமாகிவிடும். சான் டியாகோ நகரத்துக்கு 1981-ல் நடந்தது இதுதான். போக்குவரத்துப் பாதுகாப்புக்காகவும் அழகுக்காகவும் வணிகப் பலகைகளை ஒரு நகரம் தடுக்கலாம் என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் பெரும்பாலோர் ஏற்றார்கள். ஆனாலும் அந்த நகரத்தின் விதி விழுந்தது. எந்தெந்தச் செய்திக்கு விலக்கு என்று அது பட்டியல் போட்டிருந்ததுதான் காரணம். இங்கிலாந்தின் விதிகள் இந்தச் சிக்கலுக்கே இடம் வைக்கவில்லை. அங்கே அதிகாரி பார்க்க வேண்டியவை இரண்டே இரண்டு: அந்த இடத்தின் இனிமை, மக்களின் பாதுகாப்பு. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவர் கவலை அல்ல.

உங்கள் மன்றத்துக்கும் இதையே சொல்லுங்கள். எங்கே, எவ்வளவு பெரிதாக, எவ்வளவு உயரத்தில், எவ்வளவு வெளிச்சத்தில், ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு தூரத்தில் என்பதோடு விதி நிற்கட்டும். பள்ளத்தாக்கை மறைப்பது மது விளம்பரமாக இருந்தாலும் நல்ல காரியத்துக்கான விளம்பரமாக இருந்தாலும் மறைப்பது மறைப்பதுதானே.

டிஜிட்டல் பலகையும் அந்த வளைவும்

இந்த ஒன்றில் எனக்குக் கவலை அதிகம். அமெரிக்காவில் நூறு கார்களில் கேமரா பொருத்தி ஏறக்குறைய ஓராண்டு ஓட்டுநர்களைக் கவனித்தார்கள். 2006-ல் வந்த அந்த ஆய்வு, ஓட்டுநரின் கண் இரண்டு வினாடிக்கு மேல் சாலையை விட்டு விலகினால் விபத்தோ விபத்தை ஒட்டிய நிலையோ ஏற்படும் அபாயம் குறைந்தது இரண்டு மடங்காகிறது என்று சொன்னது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி இரண்டு வினாடியில் 33 மீட்டர் ஓடிவிடும். உங்கள் வளைவின் படத்தைப் பார்த்தேன். தடுப்புக் கல்லிலிருந்து பலகைக்குக் குறித்திருக்கும் இடம்வரை அவ்வளவு தூரம்கூட இருக்காது போலிருக்கிறது. பல இடங்களில் டிஜிட்டல் பலகையில் ஒரு படம் எட்டு வினாடி நின்றால் போதும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அப்படியானால் வளைவை நெருங்கும் ஓட்டுநரின் கண்ணெதிரே படம் மாறிவிடக்கூடும். அசைகிற வெளிச்சம் கண்ணை இழுக்கும், அதற்காகத்தானே வைக்கிறார்கள்.

ஆனால் கூட்டத்தில் "இந்தப் பலகைகளால்தான் விபத்து நடக்கிறது" என்று அடித்துச் சொல்லாதீர்கள். ஒரு குறிப்பிட்ட விபத்துக்கு ஒரு குறிப்பிட்ட பலகைதான் காரணம் என்று நிரூபிப்பது மிகக் கடினம். நிறுவனத்தின் வழக்கறிஞர் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் பொய்யாக்கிவிடுவார். "வளைவில், மலையில், இருட்டில் இது கூடுதல் அபாயம், எடுத்துக்கொள்ள அவசியம் இல்லாத அபாயம்" என்று சொன்னால் யாராலும் மறுக்க முடியாது. மாறும் படங்களுக்கும் அசையும் வெளிச்சத்துக்கும் அந்தச் சாலை முழுவதும் தடை கேளுங்கள். மற்றதில் விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

நிற்கும் ஒன்பது பலகைகள்

விதி நிறைவேறிய மறுநாள் காலையில் ஒன்பதும் காணாமல் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். முறையான அனுமதியோடு வந்த பலகை, புதிய விதிக்கு ஒவ்வாவிட்டாலும் சில காலம் நிற்க உரிமை உள்ளதாகவே பெரும்பாலும் கருதப்படும். அந்தக் காலத்தில் அதைப் பெரிதாக்கக் கூடாது, டிஜிட்டலாக மாற்றக் கூடாது, காற்றில் பாதிக்கு மேல் சேதமானால் திரும்பக் கட்டக் கூடாது என்று விதி சொல்லலாம். அப்படி ஒவ்வொன்றாகத்தான் குறையும்.

ஆனால் ஒன்பதுக்கும் அனுமதி இருக்கிறதா? இதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. மன்ற அலுவலகத்திலும் நெடுஞ்சாலைத் துறையிலும் ஒவ்வொரு பலகைக்கும் அனுமதி நகல், அளவு, காலாவதி தேதி ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். தகவல் அறியும் சட்டம் உள்ள நாடாக இருந்தால் அதன் கீழ் கேளுங்கள். கால் ஊன்றியிருக்கும் இடம் சாலையின் எல்லைக்குள் வருகிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். அனுமதித்த அளவைவிடப் பெரிதாக நிற்பது, காலாவதியாகியும் நிற்பது, சாலை நிலத்தில் நிற்பது என்று மூன்று வகை மீறல்கள் கிளம்பலாம். அவற்றுக்குப் புதிய விதியும் வேண்டாம், இழப்பீடும் வேண்டாம். இருக்கிற சட்டமே போதும். நான் கையாண்ட வழக்குகளில் பலகைகளை அதிகமாக இறக்கியது இந்தச் சலிப்பூட்டும் காகித வேலைதான்.

இளைஞர்களிடம் நீங்களே உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரவில் போய் அறுத்தால் அது சொத்துச் சேத வழக்கு. இருபது வயதில் ஒரு குற்ற வழக்கு வேலை, படிப்பு, வெளிநாட்டுப் பயணம் எல்லாவற்றையும் மறிக்கும். பலகைக்கு மின்சாரம் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து. இன்னொன்றும் உண்டு: அதுவரை மன்றத்தில் நிறுவனம் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தது, அன்று முதல் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சுறுசுறுப்பை ஒன்பது பலகைகளையும் அளந்து, படமெடுத்து, வரைபடத்தில் குறிக்கும் வேலைக்குத் திருப்பிவிடுங்கள்.

பொறுமையாகச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஹவாயில் பெண்கள் செய்ததை அவர்களுக்குச் சொல்லுங்கள். அங்கே 1912-ல் தி அவுட்டோர் சர்க்கிள் என்ற பெண்கள் அமைப்பு தொடங்கியது. பலகையில் விளம்பரம் செய்யும் பொருளை வாங்க மாட்டோம் என்று வீடு வீடாகச் சொன்னார்கள். ஒவ்வொரு நிறுவனமாகப் பின்வாங்கியது. கடைசியில் எஞ்சியிருந்த விளம்பரப் பலகை நிறுவனத்தை அவர்களே பணம் திரட்டி வாங்கி மூடினார்கள். 1927-ல் தடைச் சட்டம் வந்தது. பதினைந்து ஆண்டுகள். ஒரு பலகையைக்கூட இரவில் போய் அறுக்கவில்லை.

கருத்துக் கேட்பு நாளுக்கு

எழுத்தில் கொடுங்கள், பேசவும் செய்யுங்கள். பேச்சு காற்றோடு போகலாம், எழுத்து ஆவணத்தில் இருக்கும். நாளை யாராவது இந்த விதியை எதிர்த்து வழக்குப் போட்டால், மன்றம் ஏன் இதைக் கொண்டுவந்தது என்று நீதிமன்றம் அந்த ஆவணத்தைத்தான் திறந்து பார்க்கும். "எங்கள் ஊர் அழகு" என்று பொதுவாகச் சொன்னால் அதில் ஒன்றும் இருக்காது. எந்த இடத்திலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது, எந்தப் பலகை எதை மறைக்கிறது என்று காட்ட வேண்டும்.

அம்மா உட்கார்ந்த இடத்துக்கு ஒரு நாள் போங்கள். அவர் உட்கார்ந்த உயரத்திலேயே கேமராவை வைத்துப் படமெடுங்கள். காலை, மதியம், விளக்கு வைக்கும் நேரம் என்று மூன்று முறை. நிறுவனம் கொடுத்த அளவின்படி இரண்டு கம்பு நட்டு, நடுவே ஒரு வெள்ளைத் துணியைப் பலகை உயரத்துக்குக் கட்டி, அதே இடத்திலிருந்து மறுபடி எடுங்கள். ஏரியின் எந்தப் பாகம் மறைகிறது என்று அந்த இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மன்ற உறுப்பினர்களுக்கு நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டியிருக்காது. பழைய குடும்பப் படங்களில் அந்த வளைவு இருந்தால் தேதியோடு சேருங்கள்.

துணியைக் கட்டும் வேலைக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாடகையை விட்டுக்கொடுக்கச் சொல்லும்போது அவருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டுமே, அதற்கு ஒரு யோசனை: அந்த நிலத்தில் சாலைப்பக்கம் சிறிது இடத்தை வண்டி நிறுத்திப் பார்க்கும் இடமாக்க மன்றத்தோடு பேசலாம். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். பார்வையை மறைக்கும் எதுவும் கட்டமாட்டோம் என்று பத்திரம் எழுதிக் கொடுப்பவர்களுக்குச் சில நாடுகளில் வரிச் சலுகை உண்டு. உங்கள் நாட்டில் உண்டா என்று நேரில் பார்க்கும் வழக்கறிஞரிடம் கேளுங்கள். அங்கே நிற்கும் வண்டிகளில் இரண்டு மாலையில் உங்கள் விடுதிக்கு வந்தாலும் தம்பியின் கணக்கில் அது சேரும்.

நிறுவனத்துக்கு இந்த வாரமே ஒரு கடிதம் எழுதிவிடுங்கள்: உள்ளாட்சி விதி முடிவாகும்வரை எந்த ஒப்பந்தமும் செய்வதாக இல்லை, அதுவரை நிலத்தில் அளவெடுக்கவோ குழி தோண்டவோ அனுமதி இல்லை. இரண்டு வரி போதும். நிலம் இருவர் பெயரிலும் இருப்பதால் தம்பியும் அதில் கையெழுத்திட வேண்டும். அவர் தயங்கினால் ஒப்பந்தத்தின் ஆறாம் பக்கத்தை எடுத்து அவர் கையில் கொடுத்து, அவரையே படிக்கச் சொல்லுங்கள்.